சருகுக்கு அடியில் நீலக் கட்டை

பதினெட்டு வருடங்கள் என் சட்டைப்பையில் ஒரு நெருப்புப்பெட்டி இருந்தது. பீடி, சிகரெட் எதையும் நான் தொட்டவனல்ல. வீட்டில் அடுப்பு மூட்டுகிற வேலையையும் என் மனைவி என்னை நம்பித் தந்ததில்லை. அந்த நெருப்புப்பெட்டி சருகு கொளுத்துவதற்கு. உள்ளூராட்சிச் சபையின் சுத்திகரிப்புப் பகுதியில் மேற்பார்வையாளர் என்றால் ஒரு பேனை, ஒரு வரவு இடாப்பு, ஒரு நெருப்புப்பெட்டி. அப்படித்தான் நான் வேலை பழகினேன்.

இப்போது அந்தக் கதிரைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். போன மாதம் உங்கள் கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டு, “சேர், புதுசா வந்த ஆக்களுக்கு உங்கட அனுபவத்தக் கொஞ்சம் எழுதித் தாங்க” என்று கேட்டது. அறிவுரை எழுதினால் நீங்கள் வாசிக்கமாட்டீர்கள். உங்கள் வயதில் நானும் வாசித்ததில்லை. ஆனால் அடுத்தவன் விட்ட பிழை என்றால் எல்லோரும் கடைசி வரிவரை வாசிப்போம். ஆகவே என் பிழையை எழுதுகிறேன்.

குளிர் நாடுகளில் இலையுதிர்காலம் என்று ஒன்று இருக்கிறதாம். படங்களில் பார்த்திருக்கிறேன், மஞ்சளும் சிவப்புமாக அழகாகத்தான் இருக்கிறது. நமக்கு அது கச்சான் காற்றோடு வரும். மே மாதம் பிறந்து மேற்கிலிருந்து அந்த வெக்கைக் காற்று அடிக்கத் தொடங்கினால் வேம்பு, வாகை, பூவரசு எல்லாம் தண்ணீரை மிச்சம் பிடிக்க இலையை உதறும். காலையில் கூட்டிய வீதி பத்து மணிக்குக் கூட்டாத வீதியாகிவிடும். அழகு பார்க்க எனக்கு நேரமிருந்ததில்லை. எனக்குச் சுத்தம் என்றால் வெறும் மணல். ஒரு சருகுகூட இல்லாமல், விளக்குமாற்றின் கோடு மட்டும் தெரிகிற மணல். அதைப் பார்த்தால்தான் எனக்கு நெஞ்சு குளிரும்.

கூட்டு, குவி, கொளுத்து. இதுதான் என் முறை. புகையைப் பற்றி யாராவது முறைப்பாடு சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருமுறை மருதமுனையிலிருந்து கைத்தறி நெய்கிற ஒரு பெண் கந்தோருக்கே வந்துவிட்டார். வீட்டு முற்றத்தில் காயப்போட்டிருந்த வெள்ளை நூலின் மேல் நாங்கள் கொளுத்திய சருகின் கரி வந்து படிந்திருக்கிறது. அவர் சண்டை பிடிக்கவில்லை. நூல் கட்டொன்றை என் மேசையில் வைத்து, “இத ஒருக்கா மணந்து பாருங்க சேர்” என்றார். நான் மணக்கவில்லை. “காத்து எந்தப் பக்கம் அடிக்குமெண்டு நான் எப்பிடிச் சொல்ற?” என்று கேட்டு அனுப்பிவிட்டேன். முறைப்பாட்டுப் புத்தகத்தில் ‘விளக்கம் அளிக்கப்பட்டது’ என்று எழுதினேன். அந்த வசனத்தை நீங்களும் ஒருநாள் எழுத நேரும். எழுதும்போது உங்கள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் குப்பை ஏற்றுகிற எங்கள் உழவு இயந்திரத்தின் சாரதியாக ஒருவர் இருந்தார். தம்பிலுவில் பக்கத்து ஆள், முஸ்லிம் அல்ல. வயதில் எனக்கு ஒத்தவர், பதவியில் எனக்குக் கீழே. பெயர் எழுதினால் வீடு தேடி வந்து ஏசுவார், ஆகையால் சாரதி என்றே வைத்துக்கொள்வோம். அதிகம் கதைக்கமாட்டார். ஆனால் வேண்டாம் என்று நினைக்கிறதை வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வார். அந்தக் குணம் எனக்கு அப்போது தலைவலியாக இருந்தது. இன்று அவரை நினைத்தால் நன்றியைத் தவிர வேறொன்றும் வருவதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. கடற்கரைப் பக்கம் உள்ள அடக்கத்தலமான மையவாடியைத் துப்புரவாக்கித் தரும்படி பள்ளிவாசலில் கேட்டிருந்தார்கள். பெருநாள் தொழுகை முடிந்ததும் ஊர் ஆண்கள் எல்லோரும் அங்கே ஸியாரத்துக்குப் போவார்கள். தாய் தகப்பன், பிள்ளைகள் அடங்கிய இடத்தில் நின்று துஆ ஓதுவார்கள். அதனால் மற்ற நாட்களில் எப்படிக் கிடந்தாலும் பெருநாளுக்கு முன் மையவாடி சுத்தமாக இருக்கவேண்டும். சாரதியும் நானும் மூன்று தொழிலாளர்களுமாகப் போனோம். உள்ளே கணுக்கால் மூடச் சருகு. சருகுக்கு மேலே மீஸான் கட்டைகளின் தலைகள் மட்டும் தெரிந்தன. புதியவர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடையாளத்துக்கு நடுகிற கட்டைதான் மீஸான். வசதியுள்ளவர்கள் கல் வைப்பார்கள், மற்றவர்கள் மரம்.

நாங்கள் சருகைக் கபுறுகளுக்கு நடுவிலிருந்து மதில் மூலைக்கு இழுத்துக் குவித்தோம். நான் சட்டைப்பையில் கை வைத்ததைச் சாரதி கண்டார்.

“சேர், இண்டைக்கு நெருப்பு வேணாம். கச்சான் சுழண்டு அடிக்கிது. அள்ளி ஏத்துவம். நாலு லோட் வரும், அவ்வளவுதான்.”

“நாலு லோட் ஏத்துறதெண்டா நாளைக்கும் இஞ்சதான் நிக்கணும் ஐசே. நாளைக்குப் பள்ளிவாசல் வீதி ஆரு கூட்டுற?”

“அது கூட்டலாம் சேர். இது உங்கட ஆக்கள்ற மையவாடி. இதுக்குள்ள நெருப்பு வைக்கலாமா?”

இது எனக்குச் சுள்ளென்று பட்டது. கபுறடியில் நெருப்பு வேண்டாம் என்பது எங்கள் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதை எனக்கு அவர் சொல்லித் தருவதா? “மூலையிலதானே வைக்கிறன், கபுறுக்கு மேலயா வைக்கிறன்?” என்று சொல்லிக்கொண்டே குச்சியை உரசினேன்.

நான் கவனிக்காத ஒன்று இருந்தது. சருகை இழுத்து வந்த தடம் முழுவதும் சருகு சிந்திக் கிடந்தது. காற்று ஒரு தரம் திரும்பியது. நெருப்பு அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மூலையிலிருந்து கபுறுகளுக்குள் நடந்து போனது. நாங்கள் சாக்கால் அடித்தோம், மணலை அள்ளி வீசினோம். பெரிய தீ என்று சொல்ல முடியாது, கால் மணித்தியாலத்தில் அணைந்துவிட்டது. ஆனால் அதற்குள் மரக்கட்டை நட்டிருந்த பன்னிரண்டு கபுறுகள் அடையாளம் இழந்துவிட்டன.

இனி நான் சொல்வதை நன்றாகக் கேளுங்கள். நெருப்பு வைத்தது என் பெரிய பிழையல்ல. அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய பிழை. பதற்றத்தில் எனக்கு ஒரே எண்ணம்தான் வந்தது: யாரும் காணுமுன் இதைச் சுத்தமாக்கவேண்டும். கரிக்கட்டைகளைப் பொறுக்கச் சொன்னேன், சாம்பலை மணலால் மூடச் சொன்னேன், வாரியால் இழுத்து முழுவதையும் சமப்படுத்தச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் எனக்குப் பிடித்த அந்த வெறும் மணல் வந்துவிட்டது. எந்தக் கட்டை எங்கே நின்றது என்று சொல்ல மிஞ்சியிருந்த தடயங்களையும் என் கையாலேயே அழித்தேன். வேலையில் ஏதாவது கவிழ்ந்தால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கூட்டத் தொடங்காதீர்கள்.

புகையைக் கண்டவர்கள் சொல்லி, அடுத்த நாள் பள்ளிவாசலில் விஷயத்தை அறிவித்தார்கள். வீட்டார் வந்தார்கள், ஏசினார்கள். ஏச வேண்டியதுதான். பக்கத்தில் நின்ற கல் மீஸான்களை வைத்து அளந்து பத்துக் கபுறுகளைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு மிஞ்சின. ஒன்றைக் கேட்டு யாருமே வரவில்லை. மற்றது ஒரு நான்கு வயதுப் பெண்பிள்ளையுடையது.

அந்தப் பிள்ளையின் வாப்பா சாய்ந்தமருதுக்காரர், ஒலுவில் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போகிறவர். முந்திய வருடம் அவர் ஆழ்கடலில் நின்றபோதுதான் பிள்ளை காய்ச்சலில் மௌத்தானது. மையத்தை அடக்காமல் வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அவர் கரைக்கு வந்தது ஒன்பதாம் நாள். பிள்ளையின் முகத்தையும் காணவில்லை, மண் போடவும் கிடைக்கவில்லை. யாரோ காட்டிய ஒரு மண் திட்டிதான் அவருக்குக் கிடைத்தது. அதன்பின் கரைக்கு வரும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போகுமுன் அங்கேதான் போவாராம். இப்போதும் அவர் கடலில் நிற்கிறார், பெருநாளைக்கு வந்துவிடுவார் என்றார்கள்.

பள்ளிப் புத்தகத்தில் பெயரும் தேதியும்தான் இருந்தன, இடம் இல்லை. கபுறு வெட்டியவர் கட்டாருக்குப் போயிருந்தார். அடக்கத்தில் நின்ற மூன்று பேரைக் கூட்டிவந்து கேட்டோம். மூவரும் மூன்று இடத்தைக் காட்டினார்கள். அந்த மணலில் அவர்களையும் குறை சொல்ல முடியாது.

பெருநாளுக்கு முதல் நாள் காலையில் பள்ளி நிர்வாகத்து மரைக்காயர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர், என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

“ரெண்டு கட்டைய வெட்டி ஒரு இடத்தில நட்டு விடுங்க சேர். அந்தாளுக்கு மனம் ஆறினாச் சரி. புள்ள எங்க கிடக்கிதெண்டு அல்லாஹ்க்குத் தெரியும். துஆ எங்க நிண்டு கேட்டாலும் போய்ச் சேரும்.”

மார்க்கத்தில் பிழை காண முடியாத கதை. எனக்கு அது இனித்தது. இரண்டு கட்டை சீவி எடுத்துக்கொண்டு மையவாடிக்குப் போனேன். சாரதியிடம் மண்வெட்டியைக் கேட்டேன். அவர் எடுத்துத் தந்தார், கூட வரவில்லை.

“நடுறதெண்டா நீங்க நடுங்க சேர். நான் மிசினடியில நிக்கிறன்.”

“ஏன், உனக்கென்ன?”

“ஒண்டுமில்ல. அந்த மனிசன் வந்து அதில குந்தியிருந்து அழக்குள்ள நான் எந்தப் பக்கம் பாக்கிற சேர்? அதான் யோசிக்கிறன்.”

மூவர் காட்டிய மூன்று இடங்களுக்கும் நடுவாக ஓர் இடத்தைப் பிடித்து, சின்னப் பிள்ளைக்குத் தகுந்த இடைவெளி விட்டு இரண்டு கட்டையையும் நட்டேன். மண்ணை மிதித்து இறுக்கினேன்.

அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கடைசி லோட் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவர் வந்தார். துறைமுகத்திலிருந்து நேரே வருகிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. தலைமயிர் உப்பில் விறைத்திருந்தது, கையில் ஒரு பொலித்தீன் பையில் உடுப்பு. ஊரில் யாரையும் அவர் இன்னும் சந்திக்கவில்லை, நெருப்புச் சங்கதி தெரியாது. வாசலில் நின்று ஒரு கணம் தடுமாறினார். சருகில்லாத, சமமான அந்த மணல் அவருக்குப் புதிது. பிறகு என் இரண்டு கட்டைகளைக் கண்டார். முகம் தெளிந்தது. மூத்த சகோதரனைக் கூப்பிடுவதுபோல் ‘காக்கா’ என்று கூப்பிட்டு வாய் நிறையச் சிரித்தார்.

“நீங்களா காக்கா புதுக் கட்டை போட்ட? பழசு இத்துப்போச்சாக்கும். அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும்.”

சலாம் சொன்னார். குந்தினார். கையேந்தி ஓதத் தொடங்கினார்.

அந்த ஐந்து நிமிடம்போல் ஒன்றை என் முப்பது வருடச் சேவையில் நான் அனுபவித்ததில்லை. வெள்ளத்தில் நின்றிருக்கிறேன், அமைச்சர் வருகிற நாளில் குப்பை வண்டி கவிழ்ந்து நின்றிருக்கிறேன், அதெல்லாம் ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்துவிடும். அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார், நானும் போவேன். திரும்பிச் சாரதியைப் பார்த்தேன். அவர் உழவு இயந்திரத்தின் பின்சில்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சில்லில் ஒன்றுமில்லை.

அந்த வாப்பா ஓதி முடித்தார். தலைமாட்டுக் கட்டைக்குக் கீழே மணலை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார். தடவிக்கொண்டே ஏதோ பிள்ளையோடு கதைத்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“தம்பி, அது உங்கட புள்ளையிட இடமில்ல.”

“என்ன கதைக்கிறயள் காக்கா?”

முழுவதையும் சொன்னேன். நெருப்பு வைத்ததை, மணலை இழுத்துச் சமப்படுத்தியதை, காலையில் கட்டை நட்டதை. மரைக்காயர் சொல்லித்தான் நட்டேன் என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்று நான் ஒழுங்காக நடந்தேன்.

அவர் எழுந்து வந்து என் சட்டையை நெஞ்சோடு பிடித்தார். பிடித்த பிடியில் சட்டைப்பையிலிருந்த நெருப்புப்பெட்டி நொறுங்கியது. கைக்குள் என்ன நொறுங்கியது என்று எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடிக்கவில்லை. அந்தப் பெட்டியைத் தன் சாரன் மடிப்பில் செருகிக்கொண்டு கேட்டார்:

“கட்டை முழுக்க எரிஞ்சிட்டா?”

“ஓம் தம்பி. கரிதான் கிடந்த.”

“மண்ணுக்குள்ள இரிந்ததும் எரிஞ்சிட்டா?”

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்.

“நான் முழங்கை ஆழத்துக்கு இறக்கினன் காக்கா. அது எங்கட வாப்பாட பழைய தோணிப் பலகை. நீலப் பெயின்ற் அடிச்ச பலகை. பள்ளியில பெயின்ற் வேணாமெண்டாங்க. அதுக்காண்டி வெளிய தெரியிற பக்கத்த மட்டும் சுரண்டிட்டு நட்டன். அடிப்பக்கம் சுரண்டல்ல. அது நீலமாத்தான் இரிக்கும்.”

ஊரில் வேறு எவருக்கும் தெரியாத சங்கதி அது. அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால் அது எனக்கும் கடைசிவரை தெரிந்திராது.

சாரதி அப்போதுதான் சில்லை விட்டுத் திரும்பினார். “மண்வெட்டி வேணாம். கையால பாப்பம்” என்றார். ஆறு பேரும் முழங்காலில் இறங்கினோம். ஒரு வரிசையாக, தோளுக்குத் தோள், மணலைக் கையால் விலக்கிக்கொண்டு போனோம். மேலே சாம்பல் கலந்த சுடுமணல். அதற்குக் கீழே என் கை சட்டென்று குளிர்ச்சியில் பட்டது. இழுத்துப் பார்த்தால் கறுத்துப்போன பழைய சருகு. மேற்சருகுதான் எரிந்திருக்கிறது. வருடக்கணக்காக அடியில் நசிந்து கிடந்தது எரியவே இல்லை.

“பாருங்க சேர்,” என்றார் சாரதி, “ஒரு மாசமா ஒரு துளி மழையில்ல. கச்சான் காயவைக்கிற காச்சலுக்குக் கிணறே வத்துது. இதுக்குள்ள ஈரம் இரிக்கி.”

வேறொரு நாளென்றால் ஏசியிருப்பேன், விவசாயப் பாடம் படிக்கிற நேரமா இது என்று. அன்று நானும் குனிந்து அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தேன். அந்த ஈரமான அடிச்சருகு மூடியிருந்த இடங்களில்தான் கட்டைகளின் அடிப்பாகம் தப்பியிருந்தது.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்பு சாரதியின் குரல் கேட்டது. “சேர்! நீலம்!”

கைப்பிடி அளவு பலகைத்துண்டு. மேல் நுனி கரி, கீழே கடல் நீலம். இரண்டரை அடி தள்ளி மற்றது. நான் கட்டை நட்ட இடத்திலிருந்து ஆறு எட்டு வைக்கிற தூரம் கிழக்கே. அந்த வாப்பா இரண்டுக்கும் நடுவில் போய் அப்படியே மணலில் இருந்துவிட்டார். அவர் அழுதார், நானும் அழுதேன். சாரதி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவர் யோசிக்கவில்லை.

என் பொய்க்கட்டைக்குப் பக்கத்திலும் ஓர் அடிக்கட்டை கிடைத்தது. வெறும் மரம், வண்ணமில்லை. அதன் இணை வெகுதூரம் தள்ளி நின்றது, பெரிய ஆளுடைய கபுறு. யாரும் கேட்டு வராத அந்தக் கபுறு இதுதான் என்று அவரிடமும் சொன்னேன்.

போகுமுன் அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். முறைப்பாடு செய்வேன் என்று சொல்லவில்லை.

“இனிக் கொளுத்துவயளா காக்கா?”

“இல்ல தம்பி.”

“மறுகா இந்தச் சருகெல்லாத்தையும் என்ன செய்வயள்?”

பதினெட்டு வருடம் சருகோடு வேலை செய்தவனிடம் சருகை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் இல்லை! மிச்சமிருந்த பன்னிரண்டு வருடச் சேவையும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் போனது. நல்ல கேள்வி கேட்டுவிட்டுப் போனவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சாரதி தன் வீட்டில் கத்தரிப் பாத்திக்குச் சருகைத்தான் மூடுகிறார் என்று அப்போதுதான் அறிந்தேன். பத்து வருடம் கூட வேலை செய்திருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. அவர் சொன்னபடி மையவாடியின் வெளி மதிலோரம் நீளமாக ஒரு குழி எடுத்துச் சருகை நிரப்பினோம். நான் அவசரக்காரன். கூட்டெரு சீக்கிரம் உக்க மீன் கழிவு போட்டால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்தப் பிள்ளையின் வாப்பாவிடமே கேட்டேன். அவர் மனம் நிறைந்து இரண்டு பெரிய வாளி நிறையக் கொண்டுவந்து தந்தார். குழியின் மேலாகவே கொட்டினோம். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு ஆட்கள் வருகிற நேரம், ஊர் நாய்கள் எல்லாம் மீன் தலைகளைக் கவ்விக்கொண்டு பள்ளிவாசல் முன்னால் கூடிவிட்டன. மரைக்காயர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை இங்கே எழுத முடியாது. சாரதி சிரித்துச் சிரித்து உழவு இயந்திரத்திலிருந்து விழப் பார்த்தார். “நெருப்பே பரவாயில்ல சேர்” என்றார்.

அதற்குப் பிறகு மாட்டுச்சாணத்துக்கு மாறினோம். ஒரு படை சருகு, ஒரு பிடி சாணம், கொஞ்சம் தண்ணீர், மேலே மணல். உழவு இயந்திரத்தின் சில்லைச் சருகின் மேல் இரண்டு தரம் ஏற்றி இறக்கினால் நொறுங்கிச் சீக்கிரம் உக்கும் என்பது சாரதி கண்டுபிடித்தது. பாடசாலைகளில் வருகிற சருகில் பாதி டொபி சுற்றிய தாளாக இருக்கும், அதைப் பொறுக்காமல் குழியில் போட்டால் பசளையில் டொபித்தாள்தான் முளைக்கும். பலா இலை சுருண்டு கிண்ணமாகித் தண்ணீர் பிடிக்கும், நுளம்பு வரும். அதை வெளியே விடாதீர்கள். எல்லாச் சருகையும் அள்ளவும் வேண்டாம், மரத்தடியில் ஆள் நடக்காத இடத்தில் கிடக்கட்டும். ஆனால் மாரி மழை தொடங்குமுன் வடிகான் வாயில் ஒரு சருகுகூட இருக்கக்கூடாது. சருகைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி ஊரை வெள்ளத்தில் விட்டால் நான் பொறுப்பல்ல. எங்கே விடுவது, எங்கே அள்ளுவது என்பதைச் சுற்றுநிருபம் சொல்லாது. இறங்கி நின்று பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

முதல் குழி ஆறு மாதத்தில் திறந்தது. கறுப்பாக, பொலபொலவென்று வந்தது. எனக்கு நம்ப முடியவில்லை, நம் கடற்கரை மணலில் இப்படி ஒரு மண்ணா? ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். நான் முறைத்து அனுப்பிய அந்த நெசவுப் பெண்ணின் வீட்டைத் தேடிப் பிடித்தேன். அவர் என்னை மறந்திருக்கவில்லை. பையைத் தறிக்குப் பக்கத்தில் வைத்து, “ராத்தா, அண்டைக்கு நான் மணக்கல்ல. மன்னிச்சிக்கங்க. இத நீங்க மணந்து பாருங்க” என்றேன்.

அவர் ஒரு பிடி எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். “மழை மணம் மணக்கிது சேர்” என்றார். அதன்பின் எனக்குத் தேத்தண்ணி வந்தது. அந்த மண்ணில் வைத்த முருங்கையிலிருந்து இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குக் காய் வருகிறது.

ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் தொழுதுவிட்டு மையவாடிக்குப் போனேன். நடைபாதை மட்டும் கூட்டியிருந்தது. கபுறுகளின் மேல் சருகு அதன் பாட்டில் கிடந்தது. கூட்டிய பிள்ளைகள் யாரென்று தெரியாது, உங்களில் யாராவதாக இருக்கும். அல்லாஹ் உங்கள் கைகளைப் பரக்கத்தாக்கட்டும்.

அந்த வாப்பா அங்கே நின்றார். தாடி நரைத்துவிட்டது. பிள்ளையின் தலைமாட்டில் புதுத் தோணிப் பலகை, இம்முறையும் வெளிப்பக்கம் சுரண்டியது. அவர் ஓதி முடிக்கும்வரை தள்ளி நின்றேன். ஓதி முடித்தவர் வாசல் பக்கம் வரவில்லை. மேற்கே ஆறு எட்டு நடந்தார். நான் பொய்யாகக் கட்டை நட்ட அந்த இடத்தில், யாரும் கேட்டு வராத அந்தக் கபுறடியில் நின்று சலாம் சொன்னார். கையேந்தினார். அங்கேயும் மரத்தில் இரண்டு மீஸான் நட்டிருந்தது.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் இடம் மாறிப்போகிறாரா?

“தம்பி, அது...” என்று கிட்டப் போனேன்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

“தெரியும் காக்கா. புள்ளைட இடம் அங்கால. ஆனா அண்டைக்கு என்ட புள்ளையெண்டு நினைச்சி இவருக்குச் சலாம் சொல்லி, துஆவும் கேட்டுட்டன். இவருக்கு ஆரும் வாறதில்லையெண்டு நீங்கதானே சொன்னயள். ஒருக்கா வந்துட்டு மறுகா வராம இரிக்கிற சரியில்லத்தானே? ஒவ்வொரு முறையும் வாறன். கட்டை நான்தான் போட்ட.”

நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். யாரென்று தெரியாத அந்த மனிதருக்கு நானும் சலாம் சொன்னேன்.